ஏழாவது பயணம்

நேபாளத்தின் கும்பு பகுதியில் உள்ள தாமே என்னும் சிற்றூரில் யாக் எருதுகளை மேய்த்து வளர்ந்தவர் டென்சிங் நார்கே. 1914ஆம் ஆண்டு பிறந்த அவர் பள்ளிப் படிப்பு அறியாதவர். எனினும், சோமோலுங்மா எனத் தம் மக்கள் வணங்கிய எவரெஸ்ட் சிகரத்தின்மீது ஏறிவிட வேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே அவர் நெஞ்சில் வேரூன்றியது. மலையேற்றக் குழுக்கள் புறப்படும் டார்ஜிலிங் நகரை நாடிச் சென்றார். 1935ஆம் ஆண்டு எரிக் சிப்டன் தலைமையிலான ஆங்கிலேயக் குழுவில் சுமை தூக்குவோருள் ஒருவராகச் சேர்ந்தார்.

எவரெஸ்ட் உச்சியின் காற்றிலும் சமவெளிக் காற்றிலும் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடே. ஆனால், உச்சியில் காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வேப்பூர், விருத்தாசலம் போன்ற ஊர்களில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனைப் பெற அங்கே ஏறத்தாழ மூன்று மூச்சு வேண்டும். இக்குறையை உடல் படிப்படியாக ஈடுசெய்கிறது. முதலில் மூச்சு ஆழமாகிறது, இதயத்துடிப்பு விரைவடைகிறது. சிறுநீரகம் சுரக்கும் ஓர் இயக்குநீர் எலும்பு மச்சையைத் தூண்ட, அடுத்துவரும் வாரங்களில் குருதிச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. அவை அளவுக்கு மீறினால் குருதி தடித்து ஓட்டம் தடைப்படும். பல தலைமுறைகளாக உயரத்தில் வாழும் ஷெர்பாக்களின் உடலோ, சிவப்பணுக்களை மிகுதியாகப் பெருக்காமலேயே, கிடைக்கும் ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயல்புடையது.

பிறப்பால் வந்த இவ்வியல்பை மட்டும் டென்சிங் நம்பியிருக்கவில்லை. பயணத்திற்கு முன் முதுகுப்பையில் கற்களை நிரப்பிச் சுமந்து, டார்ஜிலிங் குன்றுகளில் நெடுந்தொலைவு ஏறி இறங்கிப் பயின்றார். இத்தகைய தொடர் பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்துகிறது; தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன; களைப்பு தள்ளிப்போகிறது.

1952ஆம் ஆண்டு வசந்த காலத்தில் சுவிட்சர்லாந்துக் குழுவினருடன் சென்ற டென்சிங், ரேமண்ட் லாம்பெர்ட்டோடு ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரத்தை எட்டினார். முந்தைய இரவை இருவரும் உறக்கப்பையும் அடுப்பும் இன்றிக் கூடாரத்தில் கழித்திருந்தனர். மெழுகுவத்திச் சுடரில் பனியை உருக்கியே நாவை நனைத்தனர். ஆக்சிஜன் கருவியோ நடக்கும்போது பயன்படவில்லை. உச்சிக்கு ஏறத்தாழ 250 மீட்டரே எஞ்சியிருந்தது. அதற்குமேல் சென்றால் உயிருடன் திரும்ப இயலாது என உணர்ந்து இறங்கினர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மேற்கொண்ட முயற்சியும் கைகூடவில்லை. அதுவரை ஆறு பயணங்கள். ஆறிலும் அவர் உச்சியை எட்டாமலே திரும்பியிருந்தார்.

1953ஆம் ஆண்டு ஜான் ஹண்ட் தலைமையிலான குழுவில் ஏழாம் முறையாகப் புறப்பட்டார். உடலியல் அறிஞர் கிரிபித் பியூ அக்குழுவில் இருந்தார். உயரத்தில் வறண்ட காற்றை வேகமாகச் சுவாசிப்பதால் உடல் நீரை இழக்கிறது; எனவே நிறைய நீர் பருக வேண்டும் என அவர் வலியுறுத்தினார். வீரர்கள் உயரத்திற்குப் பழக முதலில் சில வாரங்கள் ஒதுக்கப்பட்டன. பயணத்தின்போது பனிப்பிளவில் விழுந்த எட்மண்ட் ஹிலாரியைக் கயிற்றை இறுகப் பற்றிக் காத்தவர் டென்சிங். மே 28 இரவு ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் தங்கிய இருவரும், பனியை அடுப்பில் உருக்கிச் சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாறு பருகினர். மறுநாள் முற்பகல் 11.30 மணிக்கு உச்சியை அடைந்தனர். டென்சிங் இனிப்புகளைப் பனியில் புதைத்து மலைக்குக் காணிக்கையாக்கினார்.

முதலில் கால்பதித்தவர் யார் என உலகம் வாதிட்டது. பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில், முன்சென்றவர் ஹிலாரியே என டென்சிங் தயங்காமல் உரைத்தார். ஹண்டும் ஹிலாரியும் சர் பட்டம் பெற, அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. இந்திய அரசு 1959ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதளித்தது.

1954ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோது, களப்பயிற்சி இயக்குநராக அவர் பொறுப்பேற்றார். ஓய்வுபெறும்வரை இளைஞர் பலருக்கு மலையேறும் கலையைக் கற்பித்தார். 1986ஆம் ஆண்டு மே 9 அன்று டார்ஜிலிங்கில் மறைந்தார். தொடர்ந்த பயிற்சியும், உடல் பழகும்வரை காத்திருக்கும் பொறுமையும், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பும் தெளிவும் அவரை உச்சிக்கு அழைத்துச் சென்றன.