எழுபத்து மூன்று போதும் என்று நிறுவியவர்: கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை

முத்துக் குளித்த காலத்தில் தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை வணிகர்களுக்கு ஒரு கணக்கு அத்துபடி. ஒரே தரமுள்ள முத்தின் எடை இரு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்காகும். எடையை அதே எடையால் பெருக்கித்தான் விலை பேசினார்கள். அந்தப் பெருக்கலை ஆறாம் அடுக்கு வரை கொண்டுபோய், உலகமே விடை தேடிய ஒரு கேள்விக்கு விடை கண்டவர் நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்காரர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தார். தூத்துக்குடியும் அப்போது அதே மாவட்டம்தான். ஒரு வயதில் தாயை இழந்தார். செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் இறந்தார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். ஆசிரியர் ஒருவர் தம் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். பிறகு உதவித்தொகையில் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பு. 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு. 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி. அவரது சிறந்த ஆய்வுகள் அங்கேதான் பிறந்தன.

அவர் எடுத்துக்கொண்டது, இங்கிலாந்தின் வாரிங் 1770-இல் எழுப்பிய கேள்வி. எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத, அதிகபட்சம் எத்தனை எண்கள் வேண்டும்?

703-ஐப் பார்ப்போம். 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. அது 703-ஐத் தாண்டிவிட்டது. எனவே 64-ஐயும் 1-ஐயும் வைத்தே கூட்ட வேண்டும். பதினொரு 64 சேர்த்தால் 704, ஒன்று கூடிவிடும். ஆகவே பத்து 64, மீதிக்கு அறுபத்து மூன்று 1. மொத்தம் 73. இதை நம் வீட்டுப் பிள்ளைகளும் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் கோடி கோடியைத் தாண்டிய எண்களுக்கு? அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க முடியாது. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-இல் பிள்ளை நிறுவினார். ஐந்தாம் அடுக்குக்கான விடை 1964-இல்தான் கிடைத்தது. நான்காம் அடுக்குக்கு 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வு நிலையம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிலும் அவர் கலந்துகொள்ள இருந்தார். ஆனால் ஆகஸ்ட் 31 அன்று அவர் சென்ற விமானம் எகிப்தில், கெய்ரோவிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. பயணித்த 55 பேரில் எவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 49.

பிரின்ஸ்டனுக்கு அவர் போய்ச் சேரவில்லை, 73 நிலைத்துவிட்டது. அதன் பின்னால் செங்கோட்டை ஆசிரியர் ஒருவரின் சம்பளப் பணமும் இருக்கிறது. கல்வி உதவி கேட்டு நம் ஜமாஅத்துகளுக்கு வரும் விண்ணப்பங்களைப் புரட்டும்போது, நாம் அந்த ஆசிரியரையும் நினைத்துக்கொள்வோம்.