மூலக்கூறுகளின் ஈர்ப்பைக் கணக்கிட்ட தச்சர் மகன்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டதும் என் நினைவுக்கு வந்தவர் வான் டெர் வால்ஸ். இயற்பியலோ வேதியியலோ எடுத்த நம்மவர்கள் யாரும் அந்தப் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். ஏ, பி என்று இரண்டு மாறிலிகளோடு, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நெட்டுருப் போட்டோமே, அந்தச் சமன்பாடு அவருடையதுதான். சமன்பாடு தெரிந்த அளவுக்கு மனிதரைத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

1837 நவம்பர் 23 அன்று ஹாலந்தின் லைடன் நகரில் ஒரு தச்சருக்குப் பத்துப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் யோஹன்னஸ் டிடெரிக் வான் டெர் வால்ஸ். வசதியில்லாத குடும்பம். படித்துப் பள்ளி வாத்தியார் ஆனார். ஊரிலேயே புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் பட்டத் தேர்வு எழுத லத்தீனும் கிரேக்கமும் வேண்டும். இவருக்கு அந்தப் படிப்பு கிடைக்கவில்லை. இருந்தும் மனுஷர் விடவில்லை. வெளியாளாக, வருஷத்துக்குச் சில பாடங்கள் என்று 1862 முதல் 1865 வரை போய்க் கேட்டார். தேர்வு எழுத முடியாது என்று தெரிந்தே கேட்டார்! பிற்பாடு அந்த நிபந்தனை தளர்ந்தது. 1873-இல், 35 வயதில், தி ஹேக் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே டாக்டர் பட்டம் பெற்றார்.

மூலக்கூறு என்று ஒன்று உண்டா என்றே பல அறிஞர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. இவரோ துணிந்து இரண்டு விஷயம் சொன்னார். மூலக்கூறுகள் இடத்தை அடைக்கின்றன, அது பி. ஒன்றையொன்று இழுக்கின்றன, அது ஏ. கரியமில வாயுவைச் சுமார் 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் ஏன் திரவமாவதில்லை என்பது இதனால் விளங்கிற்று. மாக்ஸ்வெல்லே கவனித்துப் பாராட்டினார். 1877-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

1881-இல் மனைவி அன்னா காசநோயால் இறந்தார்; வயது 34. நான்கு குழந்தைகள். அதன்பின் ஏறக்குறைய பத்து வருஷம் அவர் ஆய்வு எதையும் வெளியிடவில்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை. பிறகு மெல்ல எழுந்து வந்தார். 1908-இல் காமர்லிங் ஆன்ஸ் ஹீலியத்தைத் திரவமாக்க வழிகாட்டியவை இவருடைய கணக்குகளே. 1910-இல் நோபல் பரிசு. 1923 மார்ச் 8 அன்று காலமானார்.

தாம் கணக்கிட்ட ஈர்ப்பை இரண்டே அணுக்களுக்கிடையில் அளந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கோடானுகோடி மூலக்கூறுகளின் கூட்டத்தைப் பார்த்து, அவற்றின் உறவை ஊகித்தவர் அவர். 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அணுவிசை நுண்ணோக்கியை அமைத்தார்கள். ஒரு முனை பொருத்திய மெல்லிய தகட்டின் நுனியில் கூரான ஊசி. பரப்பை அது நெருங்கும்போது தகடு துளி வளையும். எவ்வளவு வளைந்தது என்று தெரிந்தால் விசை தெரியும். நாம் படித்த அதே ஹூக் விதிதான்! நூறு கிராம் எடைக்கல் நம் கையை அழுத்தும் விசை ஏறக்குறைய ஒரு நியூட்டன். அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிக்கோநியூட்டன். அந்த அளவிலான விசைகளையும் இன்று அளக்கிறார்கள். 2016-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகக் குழு ஊசி நுனியில் ஒரு செனான் அணுவை வைத்து, ஆர்கான், கிரிப்டான், செனான் அணுக்களுடன் அதன் ஈர்ப்பைத் தனித்தனியே அளந்தது. அவர் மறைந்து 93 வருஷம் ஆகியிருந்தது.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மதிப்பெண் தராத பாடத்தையும் காதுகொடுத்துக் கேளுங்கள். ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கும் முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தகுதிச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பையன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றால், தயவுசெய்து எழுப்பி அனுப்பிவிடாதீர்கள்.