உ.வே.சா.வின் இருபத்தைந்தாவது வயது

பொறியியல் படித்த நாட்களில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைப் பாதியில் மூடி வைத்தவன் நான். ஏடு தேடிய கதைக்காகத்தான் எடுத்தேன். அது வருவதற்குள் எத்தனை அந்தாதி, எத்தனை தலபுராணம்! அலுத்துவிட்டது. முப்பதைத் தாண்டிய பின், ஒஷாவாவிலிருந்து ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போகும் ரயிலில் மறுபடி படித்தபோதுதான் அந்தப் பக்கங்கள் எதற்கென்று விளங்கியது.

1855இல் பிறந்தவர்; உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876இல் மறையும்வரை, பாடம் கேட்டார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே, அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் முகம் மலரவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இல்லை.

உத்தியோகமும் கிடைத்துவிட்ட வயதில், படித்ததெல்லாம் போதாது என்று கேட்பது லேசான காரியமா? அதிலும் ஆசிரியர்மேல் உயிரையே வைத்திருந்தவர். முதலியார் தந்த சீவகசிந்தாமணிப் பிரதி முதலில் பிடிபடவில்லை. திருவாவடுதுறைச் சைவ மடத்தில் வளர்ந்தவர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887இல் நூல் அச்சேறியது. பிறகு பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898).

எனக்கு இப்போது பெரிதாகப் படுவது வேறு. பழையதை அவர் வீசிவிடவில்லை. ஆசிரியரின் சரித்திரத்தை விரிவாக எழுதி வெளியிட்டார். 1942இல் இறக்கும்வரை எழுதிவந்த தன் கதையிலும் அந்த அந்தாதிகளைப் பழைய ருசியோடுதான் நினைத்துக்கொள்கிறார். நான் அன்று தாண்டிப்போன பக்கங்கள் பெரும்பாலும் அவைதான்.