இயற்கையின் கணக்குப்பிள்ளை

கணிப்பொறியால் ஆகாத காரியம் இல்லை என்று நம்பும் காலம் இது. சந்திரனுக்குச் செல்லும் பாதையை அது வகுக்கிறது. நாளைய மழையை இன்றே சொல்கிறது. ஆனால் ஒரு பொருளுக்குள் நூறு எலெக்ட்ரான்கள் ஒன்றோடொன்று உறவாடும் விதத்தை ஒன்று விடாமல் கணக்கிட்டுத் தரும்படி கேட்டால், உலகின் மிகப் பெரிய கணிப்பொறியும் கையை விரித்துவிடுகிறது. இந்த முட்டுக்கட்டையை எடுத்துக்காட்டி, அதைக் கடக்கும் வழியையும் சொன்னவர் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ரிச்சர்டு பெயின்மன். அவர் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு, அந்த யோசனை அவர் உள்ளத்தில் உதித்ததில் வியப்பு ஏதும் இராது.

1918ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பெயின்மன் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை மெல்வில் சீருடை வியாபாரத்தில் இருந்தவர். ஒரு பறவையின் பெயரை எத்தனை மொழிகளில் கற்றாலும் அந்தப் பறவையை அறிந்ததாகாது, அது என்ன செய்கிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அவர் மகனுக்கு அளித்த பாடம். பெயர் வேறு, பொருள் வேறு என்ற அந்த எண்ணம் மகனைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை.

1942இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். எலெக்ட்ரான் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும்போது அது செல்லக்கூடிய எல்லா வழிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; சில வழிகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற கருத்து அந்த ஆராய்ச்சியில் பிறந்தது. அதே ஆண்டில், க்ஷயரோகத்தால் நலிந்திருந்த ஆர்லீனைப் பெற்றோரின் மறுப்பையும் மீறி மணந்தார்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. லாஸ் அலமாஸில் அணுகுண்டு வேலையில் சேர்ந்த பெயின்மன், கணக்கீட்டுப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். துளையிட்ட அட்டைகளால் இயங்கும் யந்திரங்கள் இரவும் பகலும் ஓடின. அங்கிருந்த இளைஞர்களுக்குத் தாம் எதற்காகக் கணக்கிடுகிறோம் என்பதே தெரியாது. மேலிடத்தில் அனுமதி பெற்று அவர்களுக்கு அதை விளக்கினார் பெயின்மன். வேலை பன்மடங்கு விரைந்தது. வார இறுதிகளில் வழியில் வரும் வண்டிகளில் இடம் கேட்டு ஏறி, ஆல்பகர்க்கி மருத்துவமனையில் கிடந்த மனைவியைப் பார்க்கச் செல்வார். 1945 ஜூன் 16ஆம் நாள் ஆர்லீன் மறைந்தார். சரியாக ஒரு மாதத்தில் முதல் அணுகுண்டு சோதனையில் வெடித்தது. தம் கணக்கு எதில் கொண்டுபோய் விட்டது என்பதைக் கண்ட பெயின்மன் நெடுநாள் சோர்ந்து கிடந்தார்.

அவரை மீட்டது பௌதிகமே. ஒளியும் எலெக்ட்ரானும் உறவாடும் முறையை எளிய கோட்டுப் படங்களால் கணக்கிடும் வழியைக் கண்டார். அத்துறையில் ஆற்றிய பணிக்காக 1965இல் ஷ்விங்கர், டொமொனாகா ஆகியோருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1981 மே மாதம் மாஸசூஸெட்ஸில் கூடிய ஒரு மகாநாட்டில், பௌதிகத்தைக் கணிப்பொறியில் நகலெடுக்க இயலுமா என்பது பற்றிப் பேசினார். எலெக்ட்ரானின் சுழற்சிக்கு மேல், கீழ் என இரு நிலைகள் உண்டு. குவாண்டம் விதிப்படி இரண்டும் கலந்தும் இருக்கலாம். ஆகவே ஓர் எலெக்ட்ரானை வருணிக்க 2 எண்கள் வேண்டும். இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொல்லி அரசனின் களஞ்சியத்தைக் காலிசெய்த கதைதான் இங்கும். 10 எலெக்ட்ரான்களுக்கு 1,024 எண்கள். 30க்கு நூறு கோடிக்கு மேல். 300க்கோ, கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்திலுள்ள அணுக்களின் தொகையையே மிஞ்சிவிடும். எந்தக் கணிப்பொறியில் இவற்றை எழுதி வைப்பது?

பெயின்மன் சொன்ன வழி எளியது. அணை கட்டும் பொறியியலார் முதலில் சிறு மாதிரி ஒன்றைக் கட்டித் தண்ணீரை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தண்ணீரின் போக்கைத் தண்ணீரே காட்டிவிடும். அதுபோலக் குவாண்டம் விதிகளுக்கு உட்பட்ட உறுப்புகளாலேயே பொறியை அமைத்து, நாம் ஆராயும் பொருளைப் போலவே அதை நடக்கச் செய்தால், இயற்கையின் கணக்கை இயற்கையே எழுதிவிடும் அன்றோ! 1980இல் ரஷ்யக் கணித அறிஞர் யூரி மானினும் இதையொத்த கருத்தை வெளியிட்டிருந்தார்.

1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் மாண்டபோது, புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த பெயின்மன் விசாரணைக் குழுவில் அமர்ந்தார். ஒரு ரப்பர்த் துண்டைப் பனிநீரில் இட்டு, குளிரில் அது தன் மீள்தன்மையை இழப்பதை எல்லோர் முன்னும் காட்டினார். அதிகாரிகளின் நம்பிக்கை வேறு, ரப்பரின் இயல்பு வேறு என்பது விளங்கிற்று. 1988 பிப்ரவரி 15ஆம் நாள், 69ஆம் வயதில் காலமானார்.

அவர் யோசனை பிழைத்திருக்கிறது. தக்க குவாண்டம் பொறி பல பொருள்களின் நடத்தையைச் சிக்கனமாக நகலெடுக்கும் என்று 1996இல் ஸெத் லாயிட் நிறுவினார். 2002இல் மியூனிக் நகரில், லேசர் ஒளியால் நெய்த வலையில் ருபீடியம் அணுக்களை நிறுத்தி, அவை தடையின்றித் திரியும் நிலையிலிருந்து கட்டத்துக்குக் கட்டம் ஒடுங்கும் நிலைக்கு மாறுவதைக் கண்டார்கள். 2017இல் ஒரு குழு 51 அணுக்களையும், மற்றொரு குழு 53 அயனிகளையும் கட்டுக்குள் வைத்துச் சோதித்தன.

ஆயினும் இப்பொறிகள் இன்னும் பிழை செய்கின்றன; சுற்றிலும் உள்ள சிறு வெப்பமும் அதிர்வும் அவற்றைக் குலைத்துவிடும். வேறு கணிப்பொறியால் சரிபார்க்க முடியாத விடையை இவை தரும்போது, அதை எவ்வாறு நம்புவது? கணக்கிடக்கூடிய சிறிய வினாக்களை முதலில் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒரே வினாவை வெவ்வேறு வகைப் பொறிகளிடம் கேட்டு விடைகளை ஒப்பிடுகிறார்கள். பொறுமை வேண்டும் வேலை இது. குவாண்டம் என்ற பெயர் இன்று விளம்பரங்களிலும் அடிபடுகிறது. விஞ்ஞானம் பயிலும் நாம் அந்தப் பெயரில் மயங்கிவிடாமல், பொறி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மெல்வில் தம் மகனுக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும்.