நாதமுனிகளும் மருமக்கள் இருவரும்

வீரநாராயணபுரத்தில் ஆனி அனுஷத்தில் அவதரித்த ஸ்ரீமந்நாதமுனிகள், மன்னனார் ஸந்நிதியில் யாத்ரிகர் சிலர் திருக்குடந்தை விஷயமான திருவாய்மொழியை ஸேவிக்கக் கேட்டார். ஆயிரத்துள் அது பத்து என்பது அதன் நிகமனப் பாசுரத்திலேயே உள்ளது. மற்றவை அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் திருக்குருகூர் சென்று, பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைக் கற்று, 12,000 உரு அநுஸந்தித்து, நம்மாழ்வார் அருளால் நாலாயிரமும் பெற்றமை அடியார்கள் பலகால் கேட்டதே.

அதன் பின் நடந்ததையே நாம் இங்கு சற்று நின்று நோக்க விரும்புகிறோம். ஒருமுறை மறைந்த பாசுரங்கள் மீண்டும் மறையலாகாதன்றோ! ஊர் திரும்பியவர் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவரையும் அழைத்து, பாசுரங்களைத் தேவகானத்தில் அமைத்துப் பண்ணும் தாளமும் பிழையாதபடி கற்பித்தருளினார். தாளங்கள் பல ஒருசேர ஒலிக்க, ஓசை கொண்டே அவற்றின் எடையைக் கூறிச் சோழ மன்னனை வியப்பித்தவர் என்று குருபரம்பரை பேசும் ஆசார்யர் அவர். பயிற்சி எளிதாய் இருந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

யோகரஹஸ்யத்தையோ குருகைக்காவலப்பன் ஒருவருக்கே அளித்தார். பின்னாளில் அதைப் பெற வேண்டிய திருப்பேரனார் ஆளவந்தார், குறித்த நாளைத் திருவனந்தபுரத்தில் இருந்தபோதே நினைவுகூர்ந்தார். அன்றே அந்நாள். யோகம் அத்துடன் மறைந்தது.

இசையோ இருவரிடமிருந்து பலரிடம் சென்றது. திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர் ஸ்வாமிகள் கையில் தாளமேந்தி இன்றும் அதனை ஸேவித்து வருகின்றனர்.