அலை அள்ளிச் சென்ற ஓவியம்: எத்ரெதா கடற்கரையில் கிளாட் மோனே

பிரான்ஸின் நார்மண்டி கடலோர ஊரான எத்ரெதாவில், 1885 நவம்பரில், மன்போர்த் என்னும் பாறை வளைவின் அருகே அமர்ந்து வரைந்துகொண்டிருந்தார் கிளாட் மோனே. கடல் ஏற்ற நேரத்தை அவர் தவறாகக் கணித்திருந்தார். பேரலை ஒன்று அவரைப் பாறைச் சுவரில் மோதி நீருக்குள் இழுத்தது. அரும்பாடுபட்டுக் கரையேறினார், ஓவியமும் வண்ணங்களும் தூரிகைகளும் கடலோடு போயின.

கடல் அவருக்குப் புதியதன்று. 1840-ல் பாரிஸில் பிறந்த அவர், லு ஹாவ்ர் துறைமுக நகரில் வளர்ந்தவர். கேலிச்சித்திரம் வரைந்து வருவாய் ஈட்டிய அந்த இளைஞரைத் திறந்தவெளியில் வரையப் பழக்கியவர் ஓவியர் யூஜின் பூதான். 1874-ல் பாரிஸ் கண்காட்சியில் மோனே வைத்த லு ஹாவ்ர் சூரியோதய ஓவியத்தின் தலைப்பை விமர்சகர் ஒருவர் ஏளனம் செய்ய, அதுவே இம்ப்ரெஷனிசம் என்ற இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

எத்ரெதாவின் வெண்சுண்ணப் பாறைகளை 1883 முதல் பலமுறை வரைந்தார். அவர் தேடியது பாறையை அல்ல. அதன்மீது கணந்தோறும் மாறும் ஒளியை. ஆகவே ஒரே காட்சிக்குப் பல கேன்வாஸ்களைத் தொடங்கி, வெளிச்சம் மாறியதும் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவற்றைச் சிறுவர்கள் சுமந்து பின்தொடர்ந்த காட்சியை, நேரில் கண்ட எழுத்தாளர் மாப்பசான் பதிவு செய்துள்ளார். பின்னாளில் வைக்கோற்போர்களையும் ரூவான் தேவாலயத்தையும் இம்முறையிலேயே வரிசை வரிசையாகத் தீட்டினார்.

முதுமையில் கண்புரை அவரது வண்ணங்களைக் குழப்பியது. 1923-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அல்லிக்குள ஓவியங்களைத் தொடர்ந்தார். 1926 டிசம்பர் 5-ம் தேதி, 86-வது வயதில் ஷிவெர்னியில் காலமானார். நாட்டுக்கு அவர் வழங்கிய அல்லிக்குள ஓவியங்கள் மறு ஆண்டு பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தன.