டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை ஒன்று தருகிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவோரும் உண்டு. ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பியதும் கைக்குட்டையில் மறைப்போரும் உண்டு. அந்த மாத்திரையில் இரும்புச் சத்துடன் போலிக் அமிலம் என்ற பொருளும் இருக்கிறது. அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்ட விஞ்ஞானிகளுக்குத் தலைவராக இருந்தவர், ஒரு காலத்தில் பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்று மூன்றாம் முறையே தேறியவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. பதின்மூன்றாம் வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடினாராம். பாதி வழியில் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். தந்தையார் காலமான பிறகும் தாயார் வெங்கம்மா மகனின் படிப்பை விடவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறி, மாநிலக் கல்லூரியில் படித்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணிகளை விலக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் கதர் அங்கி அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. நூற்கவும் நெய்யவும் தெரிந்த ஊர்க்காரர்களாகிய நமக்கு, ஒரு துணிக்காக ஒருவர் கொடுத்த இந்த விலை எளிதில் விளங்கும்.

அதே காலத்தில் அவர் வீட்டில் சாவு நுழைந்தது. ஸ்புரூ என்னும் வயிற்றுப்போக்கு நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்துப் பலியானார்கள். சுப்பாராவையும் அந்நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார். இதற்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. நண்பர்களும் ஓர் அறநிலையமும் மாமனாரும் உதவ, அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1919-இல் மணம் புரிந்த இளம் மனைவி சேஷகிரியை ஊரிலேயே விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

1923 அக்டோபரில் பாஸ்டன் நகரில் இறங்கினார். வந்த வருஷம் நல்ல வருஷமன்று. அதே ஆண்டு பிப்ரவரியில்தான், பகத்சிங் திந்த் என்ற சீக்கியரின் வழக்கில், இந்தியர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மாணவராகத் தங்கலாம், அந்நாட்டவராக முடியாது. ஹார்வர்டில் சேர இடம் கிடைத்ததே தவிர உதவித்தொகை கிடைக்கவில்லை. சென்னையில் மருத்துவம் கற்றவர் பாஸ்டனில் மருத்துவமனையொன்றின் இரவு ஊழியரானார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவுவது வேலை. இரவெல்லாம் அதைச் செய்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போவார்.

பிறகு சைரஸ் பிஸ்கே என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் கண்ட முறை 1925-இல் வெளிவந்தது. இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் அதை இருவர் பெயராலும் அறிவார்கள். தசை எவ்வாறு இயங்குகிறது என்பதையும் ஆராய்ந்தனர். தறியில் அமர்ந்தவர் பகல் முழுதும் கால்மிதியை மிதிக்கிறாரே, அந்தக் காலுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927-இலும், உடலின் ஒவ்வோர் அணுவும் சக்திக்கு நம்பியிருக்கும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இலும் பிரித்தெடுத்தார்கள். பின்னதை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே கண்டறிந்தார். 1930-இல் சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி மட்டும் கொடுக்கவே இல்லை.

1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சி இயக்குநரானார். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இரத்தச் சோகையால் மடிவதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருந்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறியதையும் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த மாயம் என்ன என்பதுதான் கேள்வி. விலங்குகளின் ஈரலிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை அறிந்து, 1945-இல் செயற்கையாகவே செய்து காட்டினர் சுப்பாராவின் குழுவினர். அதுவே போலிக் அமிலம். தம் சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று.

போலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அவர்கள் செய்தனர். அவற்றில் ஒன்றைப் பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் கண்ட பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் சில காலத்துக்கு நோய் தணிந்தது. அதுவரை அந்நோய்க்கு எதிராக மருந்து எதுவும் அசைந்ததேயில்லை. 1948-இல் இது வெளியானபோது உலகம் அறிந்த பெயர் பார்பருடையது. அவ்வாண்டே மக்களுக்கு வந்த ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் அவரது ஆய்வுக்கூடமே தந்தது; கண்டுபிடித்த புகழ் அங்கே பணிபுரிந்த டக்கரைச் சேர்ந்தது. சுப்பாராவ் பத்திரிகைக்காரர்களுக்கு எட்டாத இடத்தில் நிற்பதையே விரும்பினார். அது அடக்கமா, அந்நியர் என்ற எச்சரிக்கையா? இரண்டும் கலந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு அவர் செய்த உபகாரம் வேறொன்று. யானைக்கால் நோயை இங்குள்ள பெரியவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீங்கிய காலைக் குழித்தறியில் இறக்கி வைக்கவே படாத பாடு படவேண்டும். அந்நோய்க் கிருமிகள் இரவில்தான் இரத்தத்தில் நடமாடும். ஆகவேதான் சுகாதார ஊழியர்கள் இரவில் வந்து விரல் நுனியில் இரத்தம் எடுப்பார்கள். அக்கிருமிகளை அழிக்கும் டி.இ.சி. மாத்திரை 1947-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. முற்றி வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. கிருமிகளை ஒழித்து நோய் மேலும் பரவாமல் தடுக்கும். ஆண்டுக்கொருமுறை வீடு வீடாக வந்து கண்ணெதிரே விழுங்கச் செய்தது அந்த மாத்திரையைத்தான்.

1946-இல் அமெரிக்கச் சட்டம் மாறியது. இந்தியரும் குடியுரிமை பெறலாம் என்றாயிற்று. சுப்பாராவ் அதைப் பெறவில்லை. இந்தியா சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையும் தறுவாயில், 1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. பின்னர் 1953-இல் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இந்திய அரசு அவரது நூற்றாண்டான 1995-இல் தபால் தலை வெளியிட்டது.

சேஷகிரி அம்மாளுக்குக் கணவர் கப்பலேறிய பிறகு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. ஓராண்டு நிறையுமுன் அது நோயில் இறந்துவிட்டது. எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் பிழைக்க மருந்து தேடியவர் தம் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவர் மறைந்த செய்தி கடல் கடந்து வந்தபோது, மனைவி அவரைக் கடைசியாகப் பார்த்து ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.